பூஜையில் உட்கார்ந்த காபிச் சாமான்

என் சகலை காசிராஜனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் தாராளமாகச் சொல்லுவேன். அவர் காபி போடுவதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது. எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் ஜீவானந்தம், கம்பெனி பஸ் டிரைவர். சுங்குவார்சத்திரத்தில் ஆளை ஏற்றி ஒரகடத்தில் இறக்குகிறவன். நமக்குத் தெரிந்தது டீ. கிளாஸ் கைக்கு வந்ததும் வாய்க்குள் போக வேண்டும், அடுத்த டிரிப்புக்கு ஹாரன் அடிக்க வேண்டும். அவருடைய காபி ஒரு டம்ளர் இறங்குவதற்குள் நான் ஒரகடம் போய்த் திரும்பியே வந்துவிடுவேன்.

காசிராஜன் பிள்ளைப்பாக்கத்துக்காரர். அவர் அப்பா கடலை போட்ட நிலத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அதில் அவருக்குத் துளி வருத்தமும் கிடையாது. "வெயில்ல குந்திகினு கடலை புடுங்கிப் பாரு சகல, அப்பத் தெரியும்" என்பார். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் இளவட்டமாக இருந்தபோதே சேர்ந்து, குவாலிட்டி பிரிவில் நிலைத்துவிட்டார். லைனில் வருகிற உருப்படியை எடுத்து, திருப்பிப் பார்த்து, அளந்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வேலை அவர் சட்டைப் பையில் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. பச்சையும் சிவப்புமாக இரண்டு ஸ்டிக்கர் சுருள் எப்போதும் பையில் கிடக்கும்.

மகள் கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் நுழைந்ததும் மனுஷன் முதலில் என்ன செய்தார் தெரியுமா? நாற்காலிகளை ஆட்டிப் பார்த்தார். ஆடியதற்கெல்லாம் சிவப்பு ஒட்டினார். அது தெரியாமல் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு நாற்காலியில் உட்கார, ஸ்டிக்கர் அவர் பட்டு வேட்டியின் பின்புறம் ஒட்டிக்கொண்டது. பந்தி முடியும் வரை அந்தப் பெரிய மனுஷர் ரிஜெக்ட் ஆன சரக்காக மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் உட்பட.

காசிராஜனின் மனைவி கலைமதி, என் மனைவி சசிகலாவுக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுங்குவார்சத்திரத்தில் ஃபேக்டரிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் அவருக்குச் சமையல் பொறுப்பு. விடியும் முன் கிளம்பிவிடுவார். அவர் வீடு திரும்பும் நேரத்தில் காசிராஜன் செகண்ட் ஷிஃப்டில் இருப்பார். நைட் ஷிஃப்ட் வாரத்தில் இவர் உள்ளே வர, அவர் வெளியே போவார். லைனில் ஷிஃப்ட் மாறும்போது ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிவிட்டுப் போவார்கள் அல்லவா, அதே கதைதான். வாசலில் நின்று "கேஸ் தீந்துடுச்சு", "மோட்டர் போடல" என்று சொல்லிக்கொண்டு பிரிவார்கள். மகள் கல்யாணமாகி ஆவடிக்குப் போனபின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கும் அக்கா உட்கார மாட்டார். சாப்பிடுவது, காபி குடிப்பது, என்னைத் திட்டுவது எல்லாமே நின்றபடிதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் புது மெஷின் வந்தது. அதைப் பழகிவர காசிராஜனை இந்தோனேசியாவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் வினை.

அங்கே அவருக்கு மெஷின் சொல்லிக்கொடுத்தவர் பெயர் யோஹானிஸ். சுலவேசி என்கிற தீவில் தொராஜா என்கிற மலைப்பக்கத்து ஆள். ஊர் திரும்புவதற்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த மனுஷர் இவரைக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய காபிக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தன் மலையில் விளைந்த கொட்டையையே கேட்டு வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறார். வேறு எந்த ஊர்க் கொட்டையும் கலக்காதது. பால் இல்லை, சர்க்கரை இல்லை. நம்மவர் ஒரு வாய் குடித்தார். அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டார்.

போகும்போது துணியும் ஊறுகாயும் இருந்த பெட்டியில் திரும்பி வரும்போது காபிக் கொட்டைப் பொட்டலங்கள் இருந்தன. கையால் சுற்றுகிற ஒரு அரைவை மிஷின், கொக்கின் கழுத்துபோல மூக்கு நீண்ட ஒரு கெட்டில், பீங்கான் கூம்பு ஒன்று, அதற்குள் வைக்கும் காகிதங்கள், கிராம் கணக்கு காட்டும் குட்டித் தராசு. தங்கம் நிறுக்கிறவன்கூட அந்தத் தராசை அத்தனை பயபக்தியோடு தொட மாட்டான்.

ஞாயிறு காலை சடங்கு ஆரம்பிக்கும். கொட்டையை நிறுப்பார். கரகரவென்று சுற்றுவார். தூளைக் காகிதத்தில் போட்டு, கெட்டில் தண்ணீரை நூலாக விடுவார். தூள் உப்பிக் குமிழி விடும். உடனே நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டால் "மூச்சு விடுது சகல, வுடு" என்பார். பிறகு இன்னொரு சுற்று. சொட்டு, சொட்டு, சொட்டு. பொறுமை இருந்தால் பார்க்கலாம், எனக்குக் கிடையாது. ஒருநாள் என்னையும் விடாமல் குடிக்க வைத்தார்.

"நாக்கு ஓரத்துல கிராம்பு தெரியுதா?"

"இல்ல."

"முழுங்கினப்பறம் வெல்லப்பாகு? மழை பேஞ்ச மண்ணு வாசனை?"

"கசப்பு தெரியுது சகல. நல்லாத் தெரியுது."

அவர் என்னை ரிஜெக்ட் ஆன உருப்படியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனாலும் பாசக்காரர், ஒரு பொட்டலம் கொட்டையை என் கையில் திணித்து அனுப்பினார். அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் "காபி எப்பிடி கீது?" என்பார். "சூப்பர் சகல" என்பேன். பொட்டலம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு ஞாயிறு, அக்காவின் சிக்கரி கலந்த காபித்தூள் டப்பாவின் மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். ஐயோ, அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். ஹாஸ்டல் முழுக்க நித்தம் காபி ஊற்றுகிற பெண்மணியின் டப்பாவில்!

"யோவ், இன்னாது இது?" என்றார் அக்கா. குரல் ஏறவேயில்லை. அதுதான் பயம்.

"சிக்கரி கலப்படம். ஸ்பெக்ல இல்ல, ரிஜெக்ட்."

"இத்தினி வருசமா இதத்தான குடிச்ச? அப்ப இனிச்சுதா? ரெண்டு மாசம் வெளியூரு போயிட்டு வந்து என் டப்பாக்கு சீல் வெக்கிறியா நீ? உன் கசாயத்த நாய்க்கு ஊத்தினா அதுகூட வூட்ட வுட்டு ஓடிடும்!"

அந்தச் சண்டை ஓயும் முன்னாலேயே யோஹானிஸ் வருகிறார் என்ற செய்தி வந்தது. ஆயுத பூஜைச் சமயத்தில் ஒரகடம் கம்பெனியில் மெஷின் பார்க்க வருகிறாராம். விஜயதசமியன்று பிள்ளைப்பாக்கத்தில் வீட்டுச் சாப்பாடு என்று காசிராஜன் அழைப்பும் வைத்துவிட்டார். தன் கையால் தொராஜா காபி போட்டுக் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தார்.

அக்கா என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பந்தயம் கட்டினார். "நல்லாக் கேட்டுக்க ஜீவா. அந்த ஆளு இவரு காபிய முழுசா குடிச்சிட்டாருன்னா, ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம நானும் இவரு கூட ஒக்காந்து அதையே குடிக்கிறேன். மூஞ்சியச் சுளிக்க மாட்டேன். ஒரு வாய் மிச்சம் வெச்சாலும் அந்தக் கெட்டிலு, தராசு, கூம்பு எல்லாம் காயலான் கடைக்கு. சரியா?"

"சரி" என்றார் காசிராஜன், உடனே. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் ஷிஃப்டுக்கு அவர் என் பஸ்ஸில் ஏறும்போது, "இன்னா சகல, ஒரு காபிக்காக வூட்ல இந்தச் சண்டை தேவையா?" என்று சீண்டினேன்.

அவர் என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ நின்னுகினேதான் குடிப்பா, பாத்துகீற இல்ல? டம்ளர எடுத்தா, அண்ணாந்து ஊத்திகினா, கழுவப் போயிட்டா. இந்தக் காபிய அப்பிடிக் குடிக்க முடியாது சகல. சொட்டு சொட்டா எறங்கணும். அது வரைக்கும் ஒக்காந்துதான் ஆவணும். எனக்கு அவ கூட ஒக்காரணும், அவ்ளோதான். சும்மா ஒக்காருடின்னா ஒக்கார்றவளா அவ?"

நான் கியரை மாற்றினேன். அன்றைக்கு ஹாரனைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, குடும்பத்தோடு சகலை வீட்டுக்குப் போனேன். அங்கே கூடத்தில் மணை போட்டுச் சாமான்களை அடுக்கியிருந்தார்கள். அக்காவின் தையல் மெஷின், ஸ்பேனர், அரிவாள், டிரில்லிங் மெஷின். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மிக்ஸி மட்டும் வடைக்கு வேண்டும் என்று அடுப்படியிலேயே இருந்தது.

"என் காபிச் சாமான் எங்க?" என்றார் காசிராஜன்.

"அதுவும் ஆயுதமா?" என்றார் அக்கா.

"உன் தையல் மிஷினுக்கு மட்டும் பொட்டு, என் சாமான்னா எளப்பமா? அதுவும் தொழில்தான். கொண்டாந்து வெய்யி."

கடைசியில் காசிராஜனே கொண்டுவந்து வைத்தார். கெட்டிலின் மூக்குக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒன்று, அரைவை மிஷினுக்குப் பெரியதாக ஒன்று. கொட்டை இருந்த டப்பாவையும் விடவில்லை. கற்பூரம் காட்டினார். பொரியும் சுண்டலும் கைக்கு வந்தன. நான் சுண்டலில் பாதியில் இருக்கும்போது அவர் போன் அடித்தது.

பேசிவிட்டு வைத்தவர் முகம் வெளுத்துவிட்டது. யோஹானிஸுக்கு டிக்கெட் மாறிவிட்டதாம். இன்று இரவே விமானம். சாப்பாடு வேண்டாம், காபிக்கு மட்டும் வருகிறாராம். கார் ஒரகடத்திலிருந்து கிளம்பிவிட்டதாம்.

காசிராஜன் எழுந்து நேராக மணையை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொட்ட, அவ்ளோதான்!" என்றார் அக்கா. "சாமிக்கு வெச்ச சாமான நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். தெரியாதா உனக்கு?"

"இவன் பஸ்ஸ பூஜ போட்டுட்டு உடனே ஓட்டல?"

"அது வண்டி. எலுமிச்சம்பழத்து மேல ஏத்திட்டா ஓடலாம். உன் கெட்டில எதும்மேல ஏத்துவ?"

காசிராஜனே கொண்டுவந்து வைத்தார், அவரே கற்பூரம் காட்டினார், இப்போது அவரே மாட்டிக்கொண்டு விழித்தார். எனக்குச் சுண்டல் புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். சசிகலா என் தொடையில் கிள்ளினாள். அப்போதுதான் காசிராஜனைச் சரியாகப் பார்த்தேன். மனுஷர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கெட்டிலைப் பார்க்கவில்லை, அக்கா நின்றுகொண்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பாவமாக இருந்தது, மறைப்பானேன்.

"சகல" என்றார் மெதுவாக. "உன் வூட்ல அந்தக் கொட்டை ஒரு ஸ்பூனாவது மிச்சம் கீதா?"

அவர் பைக்கை வாங்கிக்கொண்டு போய் எடுத்துவந்தேன். முழுப் பொட்டலம். கத்தரிக்கோல்கூடப் படாதது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் கைவிட்டு, சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து என் நெற்றியில் ஒட்டினார். நான் எடுக்கவில்லை. எடுக்க எனக்கு முகம் இல்லை.

அரைப்பது எதில்? மிக்ஸியில்தான். காலையில் ரசத்துக்கு மிளகு, சீரகம் பொடித்த ஜார். அக்கா அதை நன்றாகவே கழுவினார், ஆனாலும் மிளகு போவேனா என்றது. மிக்ஸி அலறியபோது காசிராஜன் காதைப் பொத்திக்கொண்டார். அதற்குள் வாசலில் கார் நின்றது.

யோஹானிஸ் குள்ளமாக, சிரித்த முகமாக இருந்தார். வந்ததும் மணையைப் பார்த்தார். பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கெட்டிலைப் பார்த்தார். காசிராஜன் ஃபேக்டரி இங்கிலீஷும் கையுமாக விஷயத்தைச் சொன்னார். இன்று எல்லா மெஷினுக்கும் லீவு, இவற்றுக்கும் லீவு, நாளைதான் டியூட்டி. யோஹானிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தூளை முகர்ந்தார். "மிளகு?" என்றார். காசிராஜனுக்கு உயிரே போய்விட்டது. "எங்கள் வீட்டில் இஞ்சி தட்டிப் போடுவோம்" என்றார் யோஹானிஸ், பிறகு அடுப்படி எங்கே என்று கேட்டார்.

அவர் கேட்டது கண்ணாடி கிளாஸ்கள், கொதிக்கிற தண்ணீர், சர்க்கரை. அவ்வளவுதான். கிளாஸுக்குள் தூளை அப்படியே கொட்டினார். நிறுக்கவில்லை. சர்க்கரையைத் தாராளமாகப் போட்டார். கொதிதண்ணீரை மேலிருந்து கடகடவென்று ஊற்றி, கரண்டியால் கலக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

காசிராஜன் கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார். "அந்தக் கடையில..." என்று இழுத்தார்.

அது விருந்தாளியைக் கூட்டிப்போகிற கடை, என்றார் யோஹானிஸ். நல்ல காபிதான், ஆனால் மலையில் தன் அம்மா வீட்டில் எப்போதும் இப்படித்தான் என்றார். பிறகு எல்லோரையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். தூள் அடியில் அடங்க வேண்டும், அதுவரை குடிக்கக் கூடாது.

விருந்தாளி சொல்லும்போது என்ன செய்வது? கலைமதி அக்கா உட்கார்ந்தார். எனக்கு ஏது பொறுமை, டீயென்று நினைத்து ஒரு இழு இழுத்தேன். வாயெல்லாம் தூள். நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரும் பல்லில் கறுப்புத் தூளுமாக நான் இருமியதை இன்றைக்கும் சசிகலா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அக்கா மட்டும் அடங்கட்டும் என்று காத்திருந்து, உதட்டில் வைத்தார். ஒரு வாய். இன்னொரு வாய். "நல்லாத்தான் கீது" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு புருஷனைப் பார்த்தார். "ஏன்யா, ரெண்டு ஸ்பூன் சக்கரையப் போட்டிருந்தா நான் அன்னிக்கே குடிச்சிருப்பேனே. இதுக்கா இத்தினி நாளு தராசு?"

யோஹானிஸ் மூச்சுவிடாமல் அக்காவின் வடையைப் புகழ்ந்துவிட்டு, பொரி மூட்டையோடு கார் ஏறிப்போனார். கார் தெருமுனை திரும்பியதும் அக்கா விருந்தாளியின் கிளாஸைத் தூக்கிப் பிடித்தார். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கறுப்பாக நின்றது.

"மிச்சம் வெச்சிட்டாரு! ஜீவா, நீதான சாட்சி?"

"அது காபி இல்லடி, மண்டி!"

"கிளாஸ்ல இருந்தா மண்டி, டம்ளர்ல இருந்தா காபியா? மிச்சம்னா மிச்சம்தான்."

நான் நெற்றி ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டு, "இன்னிக்கு நல்ல நாளு, தீர்ப்பு நாளைக்கு" என்று சொல்லிக் கழன்றுகொண்டேன். ஆனால் காசிராஜன் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் மறுபூஜை முடிந்ததும் அத்தனை சாமானையும் அவரே ஒரு கோணிப்பையில் போட்டார். குங்குமத்தைக்கூடத் துடைக்கவில்லை. "வழியில காயலான் கடையில போட்டுடு சகல" என்று என்னிடம் நீட்டினார். முகம் மட்டும் சரியில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து பையைப் பிடுங்கினார். "மிக்ஸியில அரச்சா ரசம் வாசன வருது" என்று அரைவை மிஷினை எடுத்துக்கொண்டார். "இந்த மூக்கு நீட்டுக்காரன் துளசிக்குத் தண்ணி ஊத்த ஆவும்." கெட்டில் வெளியே வந்தது. "காயிதம் வடைக்கு எண்ண வடிக்க." தராசு, கூம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்குச் சொல்லி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காலிக் கோணியை என் கையில் கொடுத்தார். "இத்தப் போட்டுடு" என்றார்.

அடுத்த ஞாயிறு, காசிராஜனின் பைக்கை இரவல் வாங்கச் சாவி கேட்பதற்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் இரண்டு கண்ணாடி கிளாஸ். அக்கா உட்கார்ந்திருந்தார். காலை மடக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே உட்கார்ந்திருந்தார். ஹாஸ்டல் பெண் ஒருத்தி கேசரியில் உப்பைப் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காசிராஜன் சிரித்துக்கொண்டிருந்தார்.

கதையை நிறுத்தி அக்கா கேட்டார். "அடங்கிடுச்சா?"

வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. தூள் எப்போதோ அடியில் போய்ப் படுத்துவிட்டது, மேலே காபி தெளிவாக நின்றது. காசிராஜன் குனிந்து கிளாஸை உற்றுப் பார்த்தார். மெஷின் பக்கத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்பு ஒட்டுகிற மனுஷர்.

"இன்னும் இல்ல. இரு" என்றார்.

அக்காவும் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியாதா என்ன?

"ஆமா, இன்னும் அடங்கல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

நான் சாவியைக் கேட்கவில்லை. சத்தம் காட்டாமல் வெளியே வந்து, நடந்தே போய் முனைக்கடையில் ஒரு டீ குடித்தேன்.